புல்வெளி மண்ணின் இயல்பும் நம் கடமையும்

(அருவங்காட்டில் நடைபெற்ற உழவர், ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மலைக்கு நான் முதன்முதலாகப் பணியேற்று வந்தபோது ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லியே இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். நான் சமவெளியில், கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவன். கறுப்பு மண் என்றால் நீரைப் பிடித்து வைக்கும் மண் என்பதே நான் சிறு வயதில் கற்ற பாடம். இங்குள்ள ஒரு சிற்றூரில், ஊருக்கு மேலே இருந்த புல் சரிவில், மாடுகள் நீர் அருந்துவதற்கு ஒரு குட்டை வெட்டித் தருமாறு சிலர் கேட்டனர். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தேன். மண் மை போலக் கறுத்திருந்தது. நீர் நிற்கும் என்று நம்பி வேலைக்கு இசைவு தந்தேன். அருகில் நின்ற முதியவர் ஒருவர், "ஐயா, பார்ப்பதற்குக் கறுப்பாக இருக்கும், ஆனால் இது தண்ணீரைக் குடித்துவிடும்" என்றார். அந்தச் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. ஐப்பசி மழையில் குட்டை நிறைந்தது. மழை விட்ட ஆறாம் நாள் சேறு மட்டுமே மிஞ்சியிருந்தது.

மறு வாரம் அப்பெரியவரைத் தேடிச் சென்றேன். "கவுடரே, நீங்கள் சொன்னதே சரி. அத்தனை நீரும் எங்கே போயிற்று?" என்று கேட்டேன். அவர் என்னைச் சரிவின் அடிவாரத்துக்கு அழைத்துச் சென்று, புல்லிடையே கசிந்துகொண்டிருந்த ஊற்றைக் காட்டினார். "மேலே பெய்வது இங்கேதான் ஐயா வருகிறது. மாசி, பங்குனியில் எங்கள் ஊருக்குக் குடிநீர் இதுதான்" என்றார். பட்டப் படிப்பில் நான் கற்காத பாடம் அது. அன்று முதல் இந்த மண்ணைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றுள் உழவர்க்கும் ஊராட்சிக்கும் பயன்படக் கூடியவற்றை இங்கே சொல்லுகிறேன்.

மண் உண்டான விதம்

நீலகிரி மாவட்டத்து மண்ணைச் செம்பொறை மண், செம்மணல் மண், செங்குறுமண், கரிய மண், பள்ளத்தாக்குகளில் படியும் வண்டல் மண் என ஐந்து வகையாகப் பிரிப்பர். இவற்றுள் செம்பொறை மண்ணே மிகுதி. கரிய மண் என்பது நீர் தேங்கும் பள்ளங்களில் உண்டாவது. நான் பேசப் போவது அதைப் பற்றியன்று. மேட்டுச் சரிவுகளில், புல்லின் கீழ், மேலே கறுப்பும் கீழே சிவப்பும் மஞ்சளுமாகக் கிடக்கும் மண்ணைப் பற்றியே பேசுகிறேன்.

இம்மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டு என்னும் மிகப் பழமையான கடும் பாறை. மழையிலும் வெயிலிலும் பன்னெடுங்காலம் கிடந்து அது மட்குகிறபோது, அதிலுள்ள பளிங்குக் கல்மணிகள் கரையாமல் மணலாக நிற்கின்றன. மற்றக் கனிமங்கள் சிதைந்து களிமண்ணாகவும், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளாகவும் மாறுகின்றன. இந்த ஆக்சைடுகள் பசை போல நின்று, களியின் நுண்துகள்களைச் சிறு சிறு குருணைகளாக ஒட்டிவிடுகின்றன. ஆகவே இம்மண்ணைக் கையில் எடுத்தால் மணல் போல நறநறவென்றிருக்கும். நனைத்து நெடுநேரம் தேய்த்தால் களி போல வழவழக்கும். களி இருந்தும் மணலைப் போல நீரை இறக்கிவிடுவதற்குக் காரணம் இதுவே.

மேலுள்ள கறுப்பு நிறம் வேறு வழியில் வந்தது. ஆண்டுதோறும் புல்லின் வேரில் ஒரு பகுதி மடிகிறது. புது வேர் பிறக்கிறது. குளிர்ந்த மலைக் காற்றில் மடிந்த வேர் விரைந்து மக்குவதில்லை. அது சிறிது சிறிதாகச் சேர்ந்து மட்குச் சத்தாகிறது. சமவெளி வயல்களில் கரிமச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கை எட்டுவதே அரிது. கலையாத புல்வெளியில் அது அதனினும் பன்மடங்காக இருக்கும். ஆனால் இந்தச் செல்வம் முழுவதும் மேற்பரப்பில் உள்ளது. சில இடங்களில் அது ஒரு சாண் ஆழம். சில இடங்களில் ஒரு முழம். அதற்குக் கீழே வெளிறிய, சத்தற்ற மண்தான். வீட்டின் கூரை எத்தனை முக்கியமோ அத்தனை முக்கியம் இந்த மேல்மண்.

மூன்று எளிய சோதனைகள்

என் சொல்லை நம்ப வேண்டுவதில்லை. உங்கள் நிலத்திலேயே சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, ஒரு கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் இட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். பெருமணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும். அதன்மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிவதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். படிந்த அடுக்குகளை அளந்தால் உங்கள் மண்ணில் மணல் எத்தனை பங்கு என்பது தெரியும்.

இரண்டாவது, ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள குழி ஒன்று தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்த பின் மீண்டும் நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை இறங்குமானால் நல்ல வடிகால் உள்ள மண். அதற்கும் மேல் இறங்குமானால், நீங்கள் ஒரே தடவையில் இடுகின்ற உரம் வேருக்கு எட்டாமல் கீழே போய்விடும் என்று அறியுங்கள்.

மூன்றாவது, உழுத நிலத்தில் ஒரு குழியும் அடுத்துள்ள புல்வெளியில் ஒரு குழியும் வெட்டி, கறுத்த மண்ணின் ஆழத்தை ஒப்பிடுங்கள். நிலத்தில் அது குறைந்திருந்தால், குறைந்த அளவு எத்தனை அங்குலமோ அத்தனை அங்குலம் ஓடையில் போயிற்று என்று பொருள்.

புளிப்பு மண்ணும் உரமும்

நீர் இறங்கும்போது வெறுங்கையோடு இறங்குவதில்லை. சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் சாம்பல் சத்தையும் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. அதனால் மண் புளிப்படைகிறது. கார அமில நிலையை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. நம் மலை மண் பல இடங்களில் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் நிற்கிறது. தேயிலைக்கு இது உகந்த நிலை. ஆனால் முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட் முதலிய காய்கறிகளுக்கு இது போதாது. புளிப்பு மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைச் சுடும். இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு பயிருக்கு விடாமல் வைத்திருக்கும். முட்டைக்கோசின் வேர் தடித்து முடிச்சிடும் நோயும் புளிப்பு மண்ணில்தான் தழைக்கும்.

"போன ஆண்டு இட்டதைப் போல இரு மடங்கு உரம் இட்டேன், விளைச்சல் ஏறவில்லை" என்று பலர் என்னிடம் குறைப்படுகின்றனர். உரக்கடையில் மேலும் ஒரு மூட்டை வாங்குவதற்கு முன்னர் மண்ணைச் சோதித்துப் பார்ப்பது நலம். காய்கறி நிலமாயின் ஆறு அங்குல ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, குழியின் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். ஒரே நிலத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இவ்வாறு எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோ மண்ணை நிழலில் உலர்த்திச் சோதனைக்கு அனுப்புங்கள். வரப்பின் ஓரத்திலும், எருக்குழியின் அருகிலும், மர நிழலிலும் எடுத்தல் கூடாது. மண்வள அட்டை வழங்கும் திட்டம் 2015 முதல் நாடெங்கும் நடைபெற்று வந்துள்ளது. அட்டையைப் பெற்றுப் பெட்டியில் வைத்துவிட்டால் மண் வளம் பெறாது. அதில் எழுதியுள்ளபடி செய்தல் வேண்டும்.

சுண்ணாம்போ டோலமைட்டோ சோதனை சொன்ன அளவுக்குத்தான் இடவேண்டும்; நடவுக்குச் சில வாரங்கள் முன்னரே மண்ணில் கலக்க வேண்டும். தொழு உரத்தோடும் அம்மோனிய உரத்தோடும் சேர்த்து ஒரே நாளில் இட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். சுண்ணாம்பு அளவு மிஞ்சினால் உருளைக்கிழங்கில் சொறி நோய் தோன்றும். தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்து இடுவதே நீர் இறங்கும் மண்ணுக்கு ஏற்றது. எல்லாவற்றினும் மேலாக, மண்ணில் உரத்தைப் பிடித்து நிறுத்துவது மட்குச் சத்தே. தொழு உரமும், மட்கிய குப்பையும், பசுந்தாள் உரமும் இடாமல் மூட்டை உரம் மட்டும் இடுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகும். லூபின் என்னும் பயறு இனச் செடி இம்மலையில் நல்ல பசுந்தாள் உரமாகப் பயன்பட்டு வந்துள்ளது.

மழையும் சரிவும்

2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்கு அடுத்துள்ள கேத்தியில் நவம்பர் 10-ஆம் நாள் பதிவான 24 மணி நேர மழை 820 மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் நிலத்தில் மட்டும் அன்று விழுந்த நீர் ஏறத்தாழ 33 லட்சம் லிட்டர். அந்தச் சில நாள்களில் இம்மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். 1978-லும் 1993-லும் நவம்பர் மாதங்களில் இத்தகைய துயரம் நேர்ந்துள்ளது.

புல் இருந்தால் மண் சரியவே சரியாது என்று நான் சொல்ல மாட்டேன், அது உண்மையன்று. புல்லின் வேர் மேல்மண்ணைத்தான் பிடிக்கும். ஆழத்தில் மட்கிய மண்ணும் பாறையும் சேரும் இடத்தில் நீர் நிறைந்து, அடிவாரத்தை நாம் செங்குத்தாக வெட்டியும் வைத்திருந்தால், மேலே புல் இருந்தாலும் மரம் இருந்தாலும் மலை இறங்கும். ஆகவே வீட்டுக்கோ பாதைக்கோ சரிவின் காலைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். இயற்கையான ஓடையை மண்ணிட்டு மூடாதீர்கள். சரிவின் மேலே புதிய வெடிப்பைக் கண்டாலும், ஊற்று திடீரெனக் கலங்கி ஓடினாலும், மழைக் காலமாயின் அந்த இடத்தைவிட்டு விலகி உடனே அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள்.

மண்சரிவு எப்போதோ நேர்வது. ஆனால் மேல்மண் ஒவ்வொரு மழையிலும் போய்க்கொண்டிருக்கிறது. ஓர் ஏக்கரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மண் அரித்துச் சென்றால், அது நான்கு, ஐந்து டன் எடையாகும். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததைக் கண்ணால் காண முடியாது. அதனால்தான் நாம் அதற்கு வருந்துவதில்லை.

சரிவோடு மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் நீர் தேங்காது, கிழங்கு அழுகாது என்பது பல உழவர்களின் கருத்து. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த மண் தானாகவே நீரை இறக்கக்கூடியது. அதற்கு ஓட்டம் தேவையில்லை. சமமட்டக் கோட்டுக்கு மிகச் சிறிதளவே சாய்வாகப் பாத்தி அமைத்து, மிஞ்சிய நீரைப் புல் வளர்ந்த வடிகாலில் கொண்டு சேர்த்தால், கிழங்கும் அழுகாது; மண்ணும் போகாது. சரிவு மிகுந்த இடங்களில், மலையை நோக்கி உட்புறம் சாய்ந்த படித்தளங்களே நன்று. உதகமண்டலத்தில் 1954-இல் நிறுவப்பட்ட மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இம்முறைகளை நெடுங்காலமாக ஆய்ந்து பரிந்துரைத்து வந்துள்ளது.

சமமட்டக் கோட்டைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சம நீளமுள்ள இரு கழிகளை ஆங்கில 'ஏ' எழுத்துப் போலக் கட்டி, நடுவே ஒரு குறுக்குச் சட்டம் பிணைத்து, உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குச் சட்டத்தின் நடுக்குறியில் நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன என்று அறியலாம். ஒரு காலை நிறுத்தி மறு காலை நகர்த்திக்கொண்டே முளையடித்துச் சென்றால் கோடு கிடைத்துவிடும். படித்தளத்தின் ஓரங்களில் வெட்டிவேரோ குவாதமாலா புல்லோ நட்டால் ஓரம் இடியாமல் நிற்கும்.

தரிசு என்று சொல்லாதீர்கள்

இனி ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். ஊருக்கு மேலுள்ள புல்சரிவைப் பார்த்து, "இது வெறும் தரிசு, இதில் ஏதாவது செய்ய வேண்டும்" என்று தீர்மானம் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. மரம் நடுவது எங்கும் நன்மையே என்றும் எண்ணுகிறோம். இந்த எண்ணம் இம்மலைக்கு முழுதும் பொருந்தாது.

நீலகிரியின் புல்வெளி, காட்டை வெட்டியதால் உண்டானதென்று ஒரு காலத்தில் கருதினர். இம்மலைச் சதுப்புகளில் படிந்துள்ள கரிமண்ணை ஆராய்ந்து அறிவியலார் 1993-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இங்கே புல் வளர்ந்து வருவது இருபதாயிரம் ஆண்டு அளவான பழமை உடையது. மேட்டில் புல், மடிப்புகளில் சோலை, அடியில் சதுப்பு என்பதே இம்மலையின் இயற்கை அமைப்பு. மேட்டில் இறங்கும் நீர் சோலையிலும் சதுப்பிலும் தங்கி, கோடையில் சிறுகச் சிறுக வெளிவருகிறது.

19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் இங்கு வந்தன. விறகுக்கு அவை உதவின என்பதை மறுக்க இயலாது. ஆனால் நீரை அவை எத்தனை எடுத்துக்கொள்கின்றன? இக்கேள்விக்கு விடை காண, 1960-களின் இறுதியில் தொடங்கி, கிளென்மார்கனில் ஒரே தன்மையுள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை அளந்து வந்தனர். ஒன்றை இயற்கையாகவே விட்டனர். மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் வைத்தனர். மரம் வைத்த பகுதியிலிருந்து வந்த நீர், முதற் பத்தாண்டுச் சுற்றில் நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. வெட்டியபின் மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் 25 பங்கு குறைந்தது. ஊற்று வற்றுகிறது என்று மனு எழுதும் நாமே, அந்த ஊற்றின் தலைமாட்டில் கற்பூர மரம் நடத் தீர்மானம் போடுவது பொருந்துமா?

ஆதலால் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஐந்து செயல்களைச் செய்ய வேண்டுகிறேன்.

ஒன்று: குடிநீர் ஊற்றுகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மேலுள்ள புல்சரிவின் எல்லையைக் குறித்து வையுங்கள். ஊற்றின் நீர் எத்தனை நிமிடத்தில் ஒரு குடத்தை நிரப்புகிறது என்பதை மாதம் ஒருமுறை பதிவேட்டில் எழுதுங்கள்.

இரண்டு: அந்தச் சரிவுகளில் உழவும் கட்டடமும் புது மரத்தோப்பும் வராமல் காத்திடுங்கள். சோலை மரக் கன்றுகளை, சோலைக்குரிய மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் மட்டும், வனத் துறையின் ஆலோசனையோடு நடுங்கள்.

மூன்று: கோடையில் புல்லுக்குத் தீ வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். தீயினால் மூடாக்குப் போய்விடும். அடுத்து வரும் முதல் மழையின் அடியை வெறும் மண் தாங்காது.

நான்கு: மாடுகளை ஒரே இடத்தில் ஆண்டு முழுதும் மேயவிடாமல், சரிவைப் பகுத்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். கால் மிதி பட்டு வெறுமையான தடத்தில்தான் அரிப்பு முதலில் தொடங்குகிறது.

ஐந்து: உங்கள் ஊரில் ஓர் உழவரின் நிலத்திலேனும் சமமட்டப் பாத்தியை இந்தப் பருவத்தில் அமைத்துக் காட்டுங்கள். நூறு சொற்பொழிவுகள் செய்யாததை ஒரு நிலம் செய்துவிடும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் தவறாக வெட்டுவித்த அந்தக் குட்டையை ஊராரின் துணையோடு மூடினோம். மேலே முன்பு வெட்டி ஒதுக்கி வைத்திருந்த புல் கரணைகளைப் பதித்தோம். சென்ற ஆண்டு அவ்வழியே போனேன். புல் மூடிவிட்டது, குட்டை இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் ஓர் ஓரத்தில், கரணை போதாமல் வெறுமையாக விட்ட ஒரு முழ அகலத்தில், மழைநீர் அறுத்த கால்வாய் ஒன்று ஓடுகிறது. நான் போட்ட கையெழுத்தின் அடையாளம் அது. அதற்கும் மேற்புறம் புல் கரணை வைத்துத் தடுத்து வருகிறோம்.

அரசு திட்டம் தரலாம்; பணம் தரலாம்; ஒரு சாண் மேல்மண்ணை உண்டாக்கித் தர எந்த அரசாலும் இயலாது. அதைப் புல்தான் உண்டாக்கிற்று. எஞ்சியுள்ளதைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது. உங்களோடு சேர்ந்து என்னுடையதும் ஆகும். ஐயமுள்ளவர்கள் எந்நாளும் அலுவலகத்துக்கு வரலாம். உங்கள் மண்ணையும் ஒரு பிடி கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.